சின்ன வேலை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்

வணக்கம் நேயர்களே. பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி.

இங்கே கனடாவில் வேலை நின்றுபோய், வேலை இழந்தவர்களுக்கு அரசு தரும் ஈ.ஐ என்ற காப்புறுதிப் பணத்தில் குடும்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது, தெரிந்த கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டு, "கிழமைக்கு இரண்டு நாள் வந்து நிக்கிறீங்களோ?" என்று கேட்பார். எங்கள் ஆட்களிடமிருந்து இரண்டு மறுமொழிதான் வரும். "ஐயோ, வேண்டாம் அண்ணை, ஈ.ஐ வெட்டுப்பட்டுப் போகும்" என்பது ஒன்று. "வாறன், ஆனா காசாக் கையில தாங்கோ" என்பது மற்றது. படிவம் நிரப்ப உதவி கேட்டு வருகிறவர்களிடம் இரண்டையும் அடிக்கடி கேட்கிறேன். இரண்டிலும் நட்டம் அவர்களுக்குத்தான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், கடதாசி இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுடைய பழைய வேலையில் சராசரிச் சம்பளம் கிழமைக்கு 800 டொலர். ஈ.ஐ அதில் 55 வீதம், அதாவது 440 டொலர். இப்போது கடையில் மணிக்கு 18 டொலர்ப்படி 12 மணித்தியாலம் நிற்கிறீர்கள். 216 டொலர் உழைப்பு. உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் ஈ.ஐயில் 50 சதம்தான் கழிப்பார்கள். 108 டொலர் போக 332 டொலர் வரும். சம்பளத்தையும் சேர்த்தால், வரி பிடிக்க முன்னர், 548 டொலர். சும்மா வீட்டில் இருந்திருந்தால் 440.

இந்தப் பாதிக் கழிவு, பழைய சம்பளத்தின் 90 வீதம் வரைக்கும்தான். நம்முடைய கணக்கில் அது 720 டொலர். அதற்கு மேலே உழைப்பது ஈ.ஐயில் முழுக்கக் கழியும். கிழமை முழுதும் வேலை செய்தால், சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கிழமைக்கு ஈ.ஐ இல்லை. அதற்காகப் பயப்பட வேண்டாம். ஈ.ஐயில் ஒரு சதமும் வாங்காத கிழமை, உங்களுக்குரிய ஈ.ஐ கிழமைகளின் கணக்கிலிருந்து குறையாது; வழமையாக 52 கிழமை கொண்ட உங்கள் கோரிக்கைக் காலம் முடிய முன்னர், பிறகு எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சமாவது ஈ.ஐ பணம் வந்த கிழமையோ முழுக் கிழமையாகவே கழியும். இதை நம்மவர்களில் பலர் அறிவதில்லை.

இரண்டு கிழமைக்கு ஒருதரம் இணையத்திலோ தொலைபேசியிலோ அறிக்கை கொடுக்கிறீர்கள் அல்லவா? பிழை அதிகம் நடப்பது அங்கேதான். ஈ.ஐயின் கிழமை ஞாயிறு தொடங்கிச் சனி முடியும். வேலை செய்த கிழமையில்தான் உழைப்பைக் காட்ட வேண்டும், காசோலை கைக்கு வந்த கிழமையில் அல்ல. முதலாளி இன்னும் சம்பளம் தராவிட்டாலும் காட்டத்தான் வேண்டும். சம்பளத் துண்டில் கீழே, வங்கிக்குப் போகும் தொகையைப் பார்த்து எழுதாதீர்கள். வரியும் ஓய்வூதியப் பங்கும் பிடிக்க முன்னர் உள்ள மொத்தத் தொகையை எழுதுங்கள். சம்பளத்தோடு விடுமுறைக் காசும் சேர்த்துத் தந்தால் அதுவும் அதற்குள் அடக்கம். முழுநேர வேலையையும் விடாமல் தேடிக்கொண்டிருங்கள். யாரிடம் எப்போது விண்ணப்பித்தீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

கையில் காசு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை வேலை போனால் ஈ.ஐ கிடைக்க, நீங்கள் இருக்கும் பகுதியைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். பதிவில் இருக்கும் பகுதிநேர மணித்தியாலங்கள் அதற்குச் சேரும். கையில் வாங்கிய வேலைக்கு எந்தப் பதிவும் இல்லை. நாளைக்கு உங்களுக்காகப் பேச ஒரு துண்டுக் கடதாசியும் இராது. மறைத்தது பிடிபட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு தண்டமும் வரலாம். அடுத்த கோரிக்கைக்குக் கூடுதல் மணித்தியாலமும் கேட்கலாம். காசாகத்தான் தருவேன் என்று அடம்பிடிக்கும் முதலாளிமாரை நான் நல்லவர்கள் என்று சொல்லமாட்டேன். சேமிப்பு அவர்களுக்கு, ஆபத்து உங்களுக்கு.

ஏற்கெனவே சில கிழமைகளைக் காட்டாமல் விட்டவர்கள், விசாரணை தொடங்க முன்னர் ஈ.ஐயைக் கவனிக்கும் அரசு அலுவலகமான சேர்விஸ் கனடாவுக்கு நீங்களாகவே அழைத்துச் சொல்லுங்கள். தானாக முன்வந்து சொல்கிறவர்களுக்குத் தண்டம் இல்லாமல் போக இடமுண்டு. கூடுதலாக வாங்கிய பணத்தைக் கட்டத்தான் வேண்டும். ஒரேயடியாக முடியாவிட்டால் தவணை கேளுங்கள். அழைக்கும்போது சம்பளத் துண்டுகளைக் கிழமை வாரியாக அடுக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.