விரலுக்குத் தகுந்த வரைபடம்

(நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத் தலைவர் அவர்களே, இந்த வட்டத்தை விடாமல் நடத்திவரும் நூலகர் அம்மையார் அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் புவியியல் ஆசிரியர் ஐயா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் என் மனம் ஒப்பாது. சுண்ணக்கட்டியை எடுத்தால் ஒரே இழுப்பில் இந்தியாவை வரைந்துவிடுவார். வளைவு நெளிவு எல்லாம் இருக்காது. ஆனால் கடைசி பெஞ்சில் இருந்தவனுக்கும் குமரிமுனை எது, கட்ச் எது என்று தெரியும். இன்று நான் பேசப்போவதும் அந்த ஒரே இழுப்பைப் பற்றித்தான்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். வரைபடத்தை ஏன் எளிமையாக்க வேண்டும், எப்படி எளிமையாக்குவது, அதில் வண்ணம் எப்படித் தீட்டுவது.

இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்று படித்தோம். அண்மையில் அதை 11,098 என்று அரசு திருத்தியது. தமிழ்நாட்டுக் கரையும் 906-லிருந்து 1,068 ஆனது. முன்பு தாவிக் கடந்த கழிமுகங்களுக்கும் வளைவுகளுக்கும் உள்ளே புகுந்து இப்போது நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள். மீன்வளத் துறைக்கு அந்த நுணுக்கம் வேண்டும். உள்ளங்கை அளவு கைப்பேசியில் மாவட்டவாரியாக மழையளவு பார்ப்பவருக்கு எதற்கு? விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். படத்தின் அளவு எதுவோ, அதற்குத் தக்க நுணுக்கம் போதும்.

சில நேரம் வடிவத்தையே விட்டுவிட வேண்டியிருக்கும். நீலகிரி மாவட்டத்துக்கு 3 சட்டமன்றத் தொகுதிகள், சென்னைக்கு 16. தேர்தல் முடிவுப் படத்தில் நீலகிரி தெளிவாகத் தெரியும், சென்னை கடுகாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் 234 தொகுதிகளையும் சம அளவு அறுகோணங்களாக, தேன்கூடு போல அடுக்கிக் காட்டுகிறார்கள். ஒரு தொகுதிக்கு ஒரு கட்டம். பரப்பு கண்ணை ஏமாற்றாது.

எப்படி எளிமையாக்குவது? 1993-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் மகேஸ் விஸ்வலிங்கம் என்ற அறிஞர், வயட் என்பவரோடு சேர்ந்து ஒரு வழி சொன்னார். எல்லைக்கோடு என்பது வரிசையாக நட்ட புள்ளிகள். அடுத்தடுத்த மூன்று புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு முக்கோணம் வரும். எந்த முக்கோணம் ஆகச் சிறியதோ, அதன் நடுப்புள்ளியை எடுத்துவிடு. மறுபடி அளந்து பார், மறுபடி எடு. கோட்டின் முகம் மாறாது, பாரம் குறையும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அடுத்தடுத்த இரண்டு ஊராட்சிகளைத் தனித்தனியே எளிமையாக்கினால் நடுவில் சந்து விழும். பொது வரப்பை ஒரே வரப்பாக வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர் கிராம சபைக்கு, எந்தத் தெருவில் எத்தனை அடிபம்பு வேலை செய்கிறது என்று காட்ட ஆறடி ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனேன். எல்லைக்கோட்டை ஒரு வளைவு விடாமல் போட்டிருந்தேன். கடைக்காரத் தம்பியின் கம்ப்யூட்டர் இரண்டு முறை நின்றுபோனது. "அண்ணே, ஊரை வரைஞ்சிருக்கீங்களா, பட்டா வரைஞ்சிருக்கீங்களா?" என்றார். ஒருவழியாக அடித்துக் கொண்டுபோய் வேப்பமரத்தில் கட்டினேன். ஓடைக்கரை நெடுக ஒரே கறுப்புத் தீற்றல், பம்புப் புள்ளிகள் அதில் முங்கிவிட்டன. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள், யாரும் பேசவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெரியம்மா ஒருவர் எழுந்து வந்தார். ஒரு குச்சியை எடுத்தார். மண்ணில் ஒரு வட்டம், "இது கம்மாய்." ஒரு கோடு, "இது ரோடு." மூன்று சிறு கோடுகள், "நம்ம தெருவுங்க." கடைசிக் கோட்டின் மேல் ஒரு கூழாங்கல்லை வைத்தார். "எங்க பம்பு. ரிப்பேராகி ரெண்டு மாசமாச்சு. இவ்வளவுதானே தம்பி?" அதுவரை பேசாத கூட்டம் அந்தக் கல்லைச் சுற்றிக் கூடிவிட்டது. ஆளாளுக்குக் கல் வைத்தார்கள். அன்றே தீர்மானம் எழுதினோம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று அந்தப் பெரியம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

வண்ணத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதைவிட அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் எல்லையும் எளிமையாக்கிய வடிவில், தமிழ்ப் பெயர்களோடு, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி அரசுத் தளத்தில் இருக்க வேண்டும். அதில் தண்ணீரையும் ரேஷனையும் பள்ளியையும் குறித்து ஒவ்வொரு கிராம சபையிலும் மாட்ட வேண்டும். இதற்காகத்தான் ஊர் ஊராக அலைகிறேன். நவம்பர் 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி தலைவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்.

தீர்மானத்தின் மாதிரி வாசகம் வாசலருகே மேசையில் இருக்கிறது. பக்கத்தில் எங்கள் ஊரின் இரண்டாவது ஃப்ளெக்ஸையும் மாட்டியிருக்கிறேன். கம்மாய், ரோடு, மூன்று தெரு, பதினோரு புள்ளி. போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.