பால் வற்றிய மாட்டை யார் கவனிக்கிறார்கள்?

எல்லோருக்கும் வணக்கம். கன்று துள்ளிக்கொண்டு நின்றால் காளையைப் புகழ்கிறோம், நோஞ்சானாகப் பிறந்தால் சினை ஊசி போட்டவரைத் திட்டுகிறோம், ஒன்பது மாதத்துக்கு மேல் சுமந்த மாட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

1938-இல் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாம்மண்ட் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஷயர் என்பது யானைக்குட்டி மாதிரி பெரிய வண்டிக்குதிரை, ஷெட்லாந்து குட்டை மட்டக்குதிரை. இந்த இரண்டையும் செயற்கைக் கருவூட்டலில் இரு பக்கமும் மாற்றி இணை சேர்த்தார்கள். எப்படிப் பார்த்தாலும் குட்டி பாதி ஷயர், பாதி ஷெட்லாந்துதான். ஆனால் ஷயர் தாய்க்குப் பிறந்தது மற்றதைப் போல மூன்று மடங்கு எடை! குட்டைத் தாய் தன் உடம்புக்குத் தாங்குகிற அளவுக்குத்தான் குட்டியை வளரவிட்டிருக்கிறது, வளர்ந்து ஆளான பிறகும் அந்த வித்தியாசம் முழுசாக மறையவில்லை.

வயிற்றுக்குள் இதைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு நஞ்சுக்கொடிக்கு. மாடு ஈன்றபின் விழுகிற நஞ்சைப் பார்த்திருப்பீர்கள், சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள் இருக்கும், அந்த இடங்களில்தான் தாயின் ரத்தத்திலிருந்து சத்து கன்றுக்குப் போகிறது. செம்மறியாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள், அதில் 90 நாளுக்குள் நஞ்சுக்கொடி பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடும். ஆனால் குட்டியின் எடை பெரும்பகுதி ஏறுவது கடைசி ஆறு வாரத்தில். அதனால் முதல் மூன்று மாதம் வயிறு தெரியவில்லையே என்று சும்மா விட்டுவிட்டுக் கடைசியில் அள்ளிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடாது. தசை நார்களின் எண்ணிக்கையும் அநேகமாகப் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பிறகு நாம் போடும் தீவனம் இருக்கிற நாரைத் தடிக்க வைக்குமே தவிர, புதிதாக நாரைச் சேர்க்காது.

இதெல்லாம் தெரிந்தும் நாம் என்ன செய்கிறோம்? சினையின் கடைசியில் கறவை நின்றதும் அடர்தீவனத்தை நிறுத்துகிறோம், மாட்டை வெயிலில் கட்டுகிறோம். கறக்காத மாட்டுக்கு எதற்குச் செலவு என்ற கணக்கு. எனக்கு இந்தக் கணக்கைக் கேட்டாலே எரிச்சல் வரும். சினையின் கடைசி இரண்டு மாதம் வெப்பத்தில் வாடிய மாட்டுக்குக் கன்று எடை குறைந்து பிறக்கிறது, அது கிடேரியாக இருந்தால் தலையீற்றில் கறக்கிற பாலும் குறைகிறது. இன்றைக்கு மிச்சம் பிடித்த தீவனத்துக்கும் நிழலுக்கும் இரண்டு வருஷம் கழித்துப் பாலில் பணம் கட்டுகிறோம்.

சினைமாட்டின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குப் போவதில்லை. சீம்பாலில்தான் வரவேண்டும், அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் வாசல் கன்றின் குடலில் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் மூடிவிடும். நஞ்சு விழட்டும், அப்புறம் பால் காட்டலாம் என்று காத்திருந்தால் அந்த நேரம் திரும்ப வராது.

அப்போ சினைமாட்டுக்குக் கொட்டிக் கொடுக்கலாமா என்று இங்கே ஒருவர் கேட்டார். கூடாது. கொழுத்த மாடு கன்று போடச் சிரமப்படும், ஈன்றபின் தீனி எடுக்காமல் படுத்தும். வயிற்றின் பருமனை நம்பாதீர்கள், அதில் கன்றும் இருக்கிறது, தீனியும் இருக்கிறது. விலா எலும்பையும் வால் அடியையும் கையால் தடவிப் பார்த்துத் தீவனத்தைக் கூட்டுங்கள், குறையுங்கள்.