முதல் மூன்று வரிசை

வணக்கம், நேயர்களே.

கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டதும் எனக்கு வேறு பெயரே தோன்றவில்லை. பாட் சம்மிட். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்துப் பெண்கள் கூடைப்பந்து அணியை 38 பருவங்கள் வழிநடத்தியவர். 1,098 வெற்றிகள், எட்டு தேசியப் பட்டங்கள். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். என் மனதில் நிற்கும் கணக்கு வேறு. அவரிடம் தமக்குரிய ஆண்டுகளை முழுதாக ஆடி முடித்த பெண்களில், படிப்பை முடித்துக் கல்லூரிப் பட்டம் வாங்காமல் வீடு திரும்பியவர் ஒருவர்கூட இல்லை.

அவர் புகையிலையும் வைக்கோலுமாக உழைத்த பண்ணைக் குடும்பத்துப் பெண். ஊர்ப் பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்து அணி கிடையாது. மகள் ஆடவேண்டும் என்பதற்காகவே அப்பா குடும்பத்தோடு பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தார். அதிகம் பேசாத, கறாரான மனிதர். ஆனாலும் வீட்டையே மாற்றினார் பாருங்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

1974இல் மேற்படிப்பு படித்துக்கொண்டே உதவிப் பயிற்சியாளராக இருக்கலாம் என்று டென்னசிக்கு வந்தார். வந்த இடத்தில் தலைமைப் பொறுப்பே கைக்கு வந்துவிட்டது. வயது 22. அணியில் சிலர் அவரைவிட ஒரு வயதுதான் இளையவர்கள். மாதம் 250 டாலர் சம்பளம். வேனை ஓட்டுவதும் அவர், வியர்வை நனைந்த சீருடைகளைத் துவைப்பதும் அவர். அந்தச் சீருடைகளும் டோனட் விற்ற காசில் வாங்கியவை. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால், எதிரணியின் உள்ளரங்கத் தரையிலேயே பாய் விரித்துப் படுத்த இரவுகளும் உண்டு. கல்வியில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1972இல் வந்துவிட்டது. சட்டம் வந்ததும் வசதி வந்துவிடவில்லை. அந்த இடைவெளியைத் தன் உடம்பாலேயே நிரப்பியவர்களில் அவரும் ஒருவர்.

அவர் வைத்த விதி ஒன்றைச் சொல்கிறேன். வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது. போனால் மட்டும் போதாது, முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும். ஆறடி உயரப் பெண் பின் வரிசையில் ஒடுங்கிக்கொள்ள முடியாது. ஆசிரியர் முகத்துக்கு நேரே, எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்தாக வேண்டும். பந்தை வைத்து வாழ்க்கை முழுவதும் பிழைக்க முடியாத காலத்துப் பெண்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பை யார் கொடுத்திருக்க முடியும்?

அவருடைய கோபப் பார்வை பெயர் பெற்றது. நீல விழிகளால் ஒரு முறை முறைத்தால் போதும், களத்தில் இருப்பவளுக்குத் தன் தவறு புரிந்துவிடும். அந்தக் கண்டிப்பு எல்லோருக்கும் ஒத்துவந்தது என்று சொல்லமாட்டேன். பாதியில் விலகிப் போனவர்களும் இருந்தார்கள். ஆனால் அதே கண்கள் வேறொன்றையும் பார்த்தன.

தமிகா கேச்சிங்ஸ் என்ற ஆட்டக்காரர். பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவர். கேலி தாங்காமல் சிறுவயதில் தன் காதுக்கருவியைப் புல்வெளியில் வீசி எறிந்தவர். அதன்பின் கருவியே இல்லாமல் உதட்டசைவைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். டென்னசிக்கு வந்த பிறகு, மறுபடியும் கருவியைப் போட்டுக்கொள், பேச்சுப் பயிற்சிக்குப் போ என்று வற்புறுத்தியவர் சம்மிட். ஒளித்து வைத்திருந்த குறையை வெளியே கொண்டுவருவது அந்த வயதில் எத்தனை பெரிய காரியம்! பின்னாளில் நான்கு ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற தமிகா, அந்த நாட்களை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

2011 ஆகஸ்டில், தனக்கு அல்சைமர் வகை மறதிநோய் வந்திருப்பதாகச் சம்மிட் தானே வெளிப்படையாக அறிவித்தார். வயது 59. மறைக்கவில்லை, உடனே ஒதுங்கவும் இல்லை. அந்தப் பருவம் முழுவதும் அணியோடு இருந்தார். நோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக்காகத் தன் பெயரில் ஓர் அறக்கட்டளையையும் தொடங்கினார். 2016 ஜூன் 28 அன்று, 64 வயதில் காலமானார்.

2012 ஏப்ரலில் அவர் விடைபெற்ற நிகழ்ச்சியைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவருக்கு அடுத்து வந்தவர் ஹாலி வார்லிக். எழுபதுகளில் சம்மிட்டிடம் ஆடிய மாணவி, பிறகு 27 ஆண்டுகள் அவர் பக்கத்திலேயே உதவிப் பயிற்சியாளர். எல்லோர் முன்னிலையிலும் சம்மிட் தன் விசிலை எடுத்து அந்த மாணவியின் கையில் கொடுத்தார்.