தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ஜப்பானியப் பீங்கான் சேகரிப்பவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்தால், பூவேலையையும் பொன்பூச்சையும் ஒரு பார்வை பார்ப்பார். உடனே தட்டைக் கவிழ்த்துவிடுவார். அவருக்கு வேண்டிய சங்கதி அடியில்தான் இருக்கிறது.

அங்கே 'மிங் பேரரசர் செங்குவா காலத்தில் செய்தது' என்று சீன எழுத்தில் இருக்கலாம். செங்குவா சீனாவை ஆண்டது 15ஆம் நூற்றாண்டில். ஜப்பானியர் பீங்கான் செய்யத் தொடங்கியதே 17ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், கியூஷு தீவிலுள்ள அரிட்டாவில். இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். சீனச் சரக்குக்கு இருந்த மதிப்பால் அப்படி எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதில் கொஞ்சம் வியாபாரமும் உண்டு.

சரி, எழுத்தை நம்ப முடியாது. அப்புறம் எதைப் பார்ப்பது? அடியில் பொட்டுப் பொட்டாகச் சில தழும்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். சுமார் 1300 டிகிரி சூட்டில் பீங்கான் இளகும், அகலமான தட்டின் நடுப்பகுதி தொய்ந்துவிடும். அதனால் அரிட்டாவில் சிறு மண் கூம்புகளை முட்டுக்கொடுத்துச் சூளையில் வைத்தார்கள். வெந்த பிறகு அவற்றைத் தட்டி எடுத்த இடம்தான் தழும்பு. சீனத் தட்டுகளில் இது பொதுவாக இராது. பழுது என்று சொல்லி விலையைக் குறைப்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அரிட்டாவின் கையெழுத்து. ஆனால் பிற்காலத் தட்டுகளிலும் இது இருக்கும் என்பதால், வயதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மிங் ஆட்சி கவிழ்ந்து சீனச் சூளைகள் முடங்கியபோது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1659இல் அரிட்டாவுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்தது. சரக்கு இமாரித் துறைமுகம் வழியாகப் போனதால், நீலமும் சிவப்பும் பொன்னும் நிறைந்த அந்தப் பாணிக்கு இமாரி என்றே பெயர். என் மனசு மட்டும் அரிட்டாவின் இன்னொரு பாணியான ககியேமோன் பக்கம். பால் வெள்ளைக் கிண்ணம், ஓரத்தில் இரண்டு காடை, மீதியெல்லாம் வெறும் வெள்ளை. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியை ஆண்ட அகஸ்டஸ் இதில் பைத்தியமாகவே இருந்தார். 1710இல் அவர் தொடங்கிய மைசன் பீங்கான் ஆலை ககியேமோனை அப்படியே நகலெடுத்தது. ஆகவே ககியேமோன் என்று நினைத்து எடுப்பது ஜெர்மன் சரக்காகவும் இருக்கலாம்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்ட பிறகுதான் 'நிப்பான்' (ஜப்பானிய மொழியில் ஜப்பானின் பெயர்) என்ற முத்திரை ஆங்கில எழுத்தில் பரவலாக வந்தது. 1921 முதல் அது 'ஜப்பான்' ஆனது. அந்த முத்திரையோடு ஒரு சாடியை நீட்டி முந்நூறு வருஷப் பழசு என்று சொன்னால், பர்ஸை வெளியே எடுக்காதீர்கள்.