எதால் வகுத்தீர்கள்?

நண்பர்களே, வணக்கம்.

ஒரே ஒரு ஓவரைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். பல வருஷமாக கிளப் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவன் நான். ஒரு நாள் காலை, புதுப் பந்து நன்றாக ஸ்விங் ஆகிக்கொண்டிருந்தது. தொடக்க ஆட்டக்காரர் முதல் ஐந்து பந்திலும் பீட்டன் ஆனார். ஒவ்வொரு தடவையும் பந்துக்கும் மட்டைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிதான். ஆறாவது பந்து விளிம்பில் பட்டு, இரண்டாவது ஸ்லிப்புக்கும் கல்லிக்கும் நடுவில் புகுந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. புத்தகத்தில் நான் எழுதியது ஐந்து புள்ளி, ஒரு 4. ரன் வராத பந்துக்கு ஒரு புள்ளி வைப்பதுதான் வழக்கம். அடுத்த ஓவர் எதிர்முனையிலிருந்து. அவருடைய ஜோடி ஐந்து பந்தை நடுமட்டையில் வாங்கி நிறுத்தினார், ஆறாவதைக் கவர் திசையில் டிரைவ் அடித்தார். அதற்கும் ஐந்து புள்ளி, ஒரு 4.

அன்று இரவு கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது அந்த இரண்டு கட்டங்களும் கண்ணை விட்டுப் போகவில்லை. ரன் சரி, பந்து சரி, கூட்டல் சரி. ஆனால் முதல் ஓவரை வீசிய பையன் எவ்வளவு பிரமாதமாக வீசினான் என்பது அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

இதைச் சொன்னதும், புள்ளிவிவரம் எல்லாம் சும்மா, கண்ணால் பார்ப்பதுதான் நிஜம் என்று சொல்லப்போகிறேன் என நினைத்துவிடாதீர்கள். கண்ணும் ஏமாற்றும். அழகாக அடித்த 30 ரன் நினைவில் 60 ஆக வளர்ந்துவிடும். பார்க்க அழகில்லாத 60 மறந்தே போகும். நான் எண்ணை நேசிக்கிறவன். அதனால்தான் எந்த எண்ணைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்கிறேன்: இதை எதால் வகுத்தார்கள்? மேலே இருக்கும் எண்ணை எல்லோரும் பார்க்கிறோம். கீழே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. சூட்சுமம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

சராசரி என்றதும் ஆஸ்திரேலியாவின் பிராட்மனுடைய 99.94 வந்து நிற்கும். 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 6996 ரன். இந்த 6996-ஐ 80-ஆல் வகுத்துப் பாருங்கள், 87.45தான் வரும். அப்புறம் 99.94 எங்கிருந்து வந்தது? 80-ல் 10 இன்னிங்ஸ் அவர் நாட் அவுட். அந்தப் பத்தைக் கழித்துவிட்டு 70-ஆல் வகுக்கிறோம். ஆக, பேட்டிங் சராசரி என்பது ஒருவர் களமிறங்கினால் எத்தனை ரன் எடுப்பார் என்ற கேள்விக்கான பதிலே இல்லை. அவருடைய விக்கெட்டுக்கு எதிரணி எத்தனை ரன் விலை கொடுக்கவேண்டும் என்பதற்கான பதில். இரண்டும் வேறு வேறு கேள்விகள். பிராட்மனை எப்படி அளந்தாலும் உச்சத்தில்தான் இருப்பார், அவரை விட்டுவிடுவோம். மற்றவர்களுக்கு வித்தியாசம் பெரிதாகிவிடும்.

1999 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் லான்ஸ் குளூஸ்னர் 8 இன்னிங்ஸில் 281 ரன் எடுத்தார். சராசரி 140.50. ஏனென்றால் அவர் அவுட் ஆனது இரண்டே தடவை. இன்னிங்ஸ் கணக்கில் பார்த்தால் 35 ரன். அதற்காக அவரைக் குறைத்துச் சொல்வதா? கூடவே கூடாது. கீழ்வரிசையில் இறங்கி, ஆட்டம் கையை விட்டுப் போகும் நேரத்தில் நின்று ஜெயிக்கவைத்தவர் அவர். ஆனால் அந்தப் பெருமை 140.50-ல் இல்லை. அதே தொடரில் 100 பந்துக்கு 122 ரன் என்ற வேகத்தில் அடித்தார் பாருங்கள், அங்கே இருக்கிறது. அந்தக் காலத்து ஒருநாள் ஆட்டத்துக்கு அது அசாதாரண வேகம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கருண் நாயரின் முதல் ஏழு டெஸ்ட் இன்னிங்ஸை வரிசையாகச் சொல்கிறேன்: 4, 13, 303 நாட் அவுட், 26, 0, 23, 5. மொத்தம் 374, ஆறு தடவை அவுட், சராசரி 62.33. இந்த ஏழையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்பது 13. ஒரே ஆளுக்கு 62, 13 என்று இரண்டு எண். எதுவும் பொய்யில்லை. முச்சதம் அடிக்கத் தெரிந்தவர் என்பதும் நிஜம், மற்ற ஆறு இன்னிங்ஸில் நிலைக்கவில்லை என்பதும் நிஜம். ஏழே இன்னிங்ஸை ஒற்றை எண்ணாகச் சுருக்கியதுதான் பிழை. ஆண்டி கான்டோம் என்று ஒரு வெஸ்ட் இண்டீஸ் ஆட்டக்காரர் இருந்தார். 1948-ல் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்டில், ஒரே ஒரு இன்னிங்ஸ் ஆடினார். 112 ரன். பிறகு அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. வெறும் எண்ணை மட்டும் பார்த்தால் பிராட்மனுக்கு மேலே அவர் பெயரைப் போடவேண்டும். கீழே இருக்கும் 1-ஐப் பார்த்தால், வாழ்நாளெல்லாம் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்றுதான் மனசு கேட்கிறது.

சரி, டி20-க்கு வருவோம். இங்கே கையில் இருப்பது 120 பந்து, 10 விக்கெட். ஒரு விக்கெட்டுக்குப் பன்னிரண்டே பந்து. டெஸ்டில் விக்கெட் பொக்கிஷம், பந்துக்குப் பஞ்சமில்லை. டி20-யில் தலைகீழ். 40 பந்தில் 40 எடுத்து நாட் அவுட்டாக ஒருவர் நின்றால் அவர் சராசரி ஏறும். ஆனால் அணியின் மூன்றில் ஒரு பங்குப் பந்தை அவர் ஒருவரே எடுத்துக்கொண்டார். எல்லோரும் அதே வேகத்தில் ஆடினால் மொத்தம் 120 ரன்தான். கடைசியில் வந்து 6 பந்தில் 15 அடித்து அவுட் ஆனவர் அன்றைக்கு அவரைவிட உதவியிருக்கலாம். இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1975 உலகக் கோப்பையின் முதல் நாளில் இந்தியாவுக்கு இலக்கு 335. கவாஸ்கர் 174 பந்து ஆடி 36 நாட் அவுட். மொத்தமே 360 பந்து. இந்தியா மூன்று விக்கெட்டுக்கு 132-ல் முடித்தது, ஏழு விக்கெட் மிச்சம். அன்றைய இன்னிங்ஸாலும் அவருடைய ஒருநாள் சராசரி கூடத்தான் செய்தது!

பந்துவீச்சுக்கு நீட்டி முழக்கவேண்டாம், ஒரு ஆட்டம் போதும். 1956, ஓல்ட் டிராஃபோர்டு, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்தின் ஜிம் லேக்கர் 68 ஓவரில் 19 விக்கெட். எதிர்முனையில் டோனி லாக் 69 ஓவரில் 1 விக்கெட். அதே ஆடுகளம், அதே எதிரணி, கிட்டத்தட்ட அதே ஓவர். லாக் மட்டமான பந்துவீச்சாளர் இல்லை, டெஸ்டில் 174 விக்கெட் எடுத்தவர். அந்த ஒரு ஆட்டத்தை வைத்து அவரை எடைபோட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்போது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம். ஃபீல்டிங். ராகுல் திராவிட் 164 டெஸ்டில் 210 கேட்ச் பிடித்தார். அற்புதம். எத்தனை வந்ததில் 210? ஸ்கோர் அட்டையில் பதில் இல்லை. பேட்டிங்குக்கும் பந்துவீச்சுக்கும் கீழே ஏதோ ஒரு எண் இருக்கிறது. ஃபீல்டிங்குக்கு அதுகூடக் கிடையாது. இதனால் யாருக்கு அநியாயம் தெரியுமா? நல்ல ஃபீல்டருக்கு. வேகமாக ஓடுகிற ஒருவர் பாய்ந்து விழுந்து பந்தில் விரலை வைத்துவிடுவார், பந்து நழுவும். "கேட்ச் விட்டுட்டான்" என்று கூட்டம் கத்தும். அதே இடத்தில் மெதுவாக ஓடுகிறவர் நின்றிருந்தால் பந்து முன்னாடியே தரையில் விழுந்திருக்கும். அவர் அதைப் பொறுக்கி எறிவார், கைதட்டுவார்கள். எட்டியதால் ஒருவருக்குக் கெட்ட பெயர், எட்டாததால் இன்னொருவருக்கு நல்ல பெயர். எங்கள் கிளப்பில் ஒரு பையன் இப்படியே தவறவிட்டுத் தவறவிட்டுக் கடைசியில் எல்லைக்கோட்டுக்கு அனுப்பப்பட்டான். மைதானத்திலேயே அவன்தான் சிறந்த ஃபீல்டர். அதை நிரூபிக்க என்னிடம் அன்றைக்கு ஒரு எண் இல்லை.

அணிகளை அளக்கும்போதும் இதே கதைதான். 2019 உலகக் கோப்பையில் நியூசிலாந்தும் பாகிஸ்தானும் லீக் சுற்றை 11 புள்ளியோடு முடித்தன. லீக்கில் நியூசிலாந்தை பாகிஸ்தான் தோற்கடித்திருந்தது. ஆனாலும் நெட் ரன் ரேட்டில், அதாவது ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தால் வரும் எண்ணில், முந்தி அரையிறுதிக்குப் போனது நியூசிலாந்து. பாகிஸ்தானைக் குழியில் தள்ளியதில் பெரிய பங்கு முதல் ஆட்டத்துக்கு. வெஸ்ட் இண்டீஸிடம் 21.4 ஓவரில் 105-க்கு ஆல் அவுட். நெட் ரன் ரேட் கணக்கில் ஆல் அவுட் ஆன அணியின் ரன்னை முழு 50 ஓவரால்தான் வகுப்பார்கள். அந்த விதியில் நியாயம் இருக்கிறது, மீதி ஓவரை ஆட அவர்களிடம் விக்கெட் இல்லையே. எனக்கு இடிப்பது வேறு. பத்து விக்கெட்டில் ஜெயித்தாலும் ஒரு விக்கெட்டில் ஜெயித்தாலும், அதே ஓவரில் முடித்தால் நெட் ரன் ரேட்டுக்கு ஒன்றுதான். மழை வந்தால் பயன்படுத்தும் டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறை, கையில் இருக்கும் விக்கெட்டையும் ஓவரோடு சேர்த்து ஒரு சொத்தாக எண்ணுகிறது. மழைக்குத் தெரிந்த கணக்கு புள்ளிப் பட்டியலுக்கும் தெரியவேண்டும் என்பது என் ஆசை.

1975 ஜனவரி, சேப்பாக்கம். முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையாட்டுகிறார், அவருக்குப் புரிந்துவிட்டது. வெஸ்ட் இண்டீஸின் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸ். இந்தியா 190-க்கு ஆல் அவுட். குண்டப்பா விஸ்வநாத் 97 நாட் அவுட். சதங்களின் பட்டியலில் இதற்கு இடமே இல்லை. அவருடைய மொத்த டெஸ்ட் சராசரி 41.93, இன்றைய கண்ணுக்கு அது சாதாரணம். ஆனால் 97-ஐ 190-ஆல் வகுத்துப் பாருங்கள். அணியின் ரன்னில் பாதிக்கு மேல் ஒரே மனிதர், அந்தப் பந்துவீச்சுக்கு எதிராக. அந்த ஆட்டத்தை இந்தியா ஜெயித்தது. வகுக்கும் எண்ணை மாற்றினால் மறைந்து கிடந்த ஒரு இன்னிங்ஸ் எழுந்து நிற்கிறது.

இப்போது ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது, மட்டையின் நடுவில் பட்டதா விளிம்பிலா என்றெல்லாம் கேமராக்களும் பதிவாளர்களும் குறித்துவைக்கிறார்கள். பெரிய ஆட்டங்களுக்கு அது கிடைக்கிறது. எங்கள் கிளப்புக்கு நான்தான். அந்த இரண்டு ஓவருக்குப் பிறகு, ஆட்டக்காரர் பீட்டன் ஆனால் புள்ளிக்கு மேலே ஒரு சின்னக் கோடு போடுகிறேன். எட்ஜ் என்றால் இரண்டு கோடு. கைக்கு எட்டி நழுவிய கேட்சுக்கு ஓரத்தில் ஃபீல்டரின் பெயரும், எத்தனை அடி ஓடிவந்தார் என்ற என் ஊகமும்.

சீசன் முடிந்ததும் அந்தத் தொடக்க ஆட்டக்காரரிடம் புத்தகத்தைக் காட்டினேன். ரன்னை அவர் பார்க்கவே இல்லை. கோடுகளை விரலால் எண்ணிக்கொண்டே போனார். பிறகு, "எல்லாம் வெளியே போற பந்துதானே அண்ணே?" என்று கேட்டார். பெரும்பாலும் ஆமாம் என்றேன். மறுநாள் காலையிலேயே வலைப்பயிற்சிக்கு வந்துவிட்டார்.

புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ மேசைமேல் இருக்கிறது, அந்த இரண்டு ஓவர் இருக்கும் பக்கத்தில் காகிதம் வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள்.