ஒரே மாத்திரை: அங்கே 9-க்கு 8, இங்கே 11-க்கு 1. ஏன்?

ஒரு மாத்திரை. ஒரு வகை புற்றுநோய் வந்த 9 குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள், 8 பேருக்குக் கேட்டது. இன்னொரு வகை வந்த 11 பேருக்கும் அதையே கொடுத்தார்கள், ஒரே ஒருவருக்குத்தான் கேட்டது. இத்தனைக்கும் இரண்டு நோயிலும் கெட்டுப்போயிருந்தது ஒரே ஜீன்!

வணக்கம். இந்தப் புதிரோடு பல வருடம் மல்லுக்கட்டியவர் யேல் மோசே. அமெரிக்காவில், பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் புற்றுநோய் மருத்துவர், ஆராய்ச்சியாளர்.

அவர் எடுத்துக்கொண்ட நோய் நியூரோபிளாஸ்டோமா. வளர்ந்துகொண்டிருக்கும் நரம்பு செல்களில் தொடங்குவது, பெரும்பாலும் 5 வயதுக்குள் வருவது. சில கைக்குழந்தைகளுக்கு இது தானாகவே மறைந்துவிடும், சில குழந்தைகளுக்கு எந்த மருந்துக்கும் அடங்காது. இதற்கே தனி வீடியோ போடலாம். வேண்டுமா, கமெண்டில் சொல்லுங்கள்.

[திரையில்: 2008, அக்டோபர்]

இந்த நோய் வந்தவர்களில் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு இது குடும்பவழியாக வருகிறது. அந்தக் குடும்பங்களைத் துருவிய மோசே குழு, ‘ஆல்க்’ என்ற ஜீனில் வந்து நின்றது. அதே சமயத்தில் பாரிஸ், பாஸ்டன், ஜப்பான் குழுக்களும் அதே ஜீனைக் கைகாட்டின. நான்கு பேரும் தனித்தனியாக ஒரே ஆளைப் பிடித்தால், பிறகு சந்தேகம் எதற்கு?

ஆல்க் என்பது செல்லின் மேல்சவ்வில் இருக்கும் ஒரு புரதம். வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால்தான் உள்ளே ‘வளரு’ என்று உத்தரவு போகவேண்டும். ஜீன் கெட்டால் யாரும் சொல்லாமலே உத்தரவு போய்க்கொண்டே இருக்கும்.

இதை அடக்கப் புதிதாக மருந்து தேட வேண்டியிருக்கவில்லை. நுரையீரல் புற்றுநோயிலும் ஆல்க் உண்டு என்று 2007-லேயே ஜப்பானில் கண்டுபிடித்திருந்தார்கள். கிரிசோடினிப் என்ற மாத்திரை பெரியவர்களிடம் சோதனையில் இருந்தது. 2009-லேயே குழந்தைகளிடமும் சோதனை தொடங்கிவிட்டது. பெரியவர்களுக்கான மருந்து சிறுவர்களிடம் வர எத்தனை காலம் ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது மின்னல் வேகம். 2013-ல் முடிவு வந்தது: லிம்போமாவில், அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோயில், 9-க்கு 8, நியூரோபிளாஸ்டோமாவில் 11-க்கு 1.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். ஸ்கிப் பண்ணாதீர்கள்!

ஆல்க் புரதத்தின் உள்பகுதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே ஏடிபி, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு, வந்து உட்கார்ந்தால்தான் உத்தரவு போகும். கிரிசோடினிப் செய்வது, கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கும் வேலை. துண்டு கிடக்கிறது, ஏடிபி வேறு இடம் பார்க்கவேண்டும்.

லிம்போமாவில் ஆல்க் ஜீன் உடைந்து வேறொரு ஜீனோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் சீட் அதே பழைய சீட், துண்டு நன்றாக நிற்கும். நியூரோபிளாஸ்டோமாவில் அப்படியில்லை. ஆல்க் ஜீனின் ஓரிரு எழுத்துகள் மட்டும் மாறியிருக்கும். அதில் புரதத்தின் 1174-வது இடத்தில் வரும் மாற்றம் இருக்கிறதே, பொல்லாதது. அது சீட்டையே ஏடிபிக்குச் சாதகமாக மாற்றிவிடுகிறது. ஏடிபி முன்பைவிட இறுக்கமாக வந்து ஒட்டுகிறது. செல்லுக்குள் ஏடிபிக்குப் பஞ்சமே இல்லை, கூட்டம் கூட்டமாக வரும். அப்புறம் துண்டை யார் மதிப்பார்கள்? தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். கூடுதல் டோஸ் கொடுத்தால் ஜெயிக்கலாம் என்று ஆய்வகம் சொன்னது. குழந்தையின் உடம்பு அந்த அளவைத் தாங்கவேண்டுமே!

2013-ல் வந்த முடிவை விட எனக்கு ஆச்சரியம் இதுதான்: இந்தச் சண்டையை மோசேயும் புரத ஆராய்ச்சியாளர் மார்க் லெம்மனும் அவர்கள் குழுவும் 2011-லேயே எழுதிவிட்டார்கள். 11-க்கு 1 என்பதற்கு ஒரு முக்கிய காரணம் முன்பே கையில் இருந்தது.

அடுத்து வந்தது லோர்லாடினிப். பள்ளத்தில் இன்னும் கச்சிதமாகப் பொருந்தும் வளைய வடிவ மூலக்கூறு. 2023-ல் வெளியான முதல்கட்டச் சோதனையில், நோய் திரும்பிய அல்லது அடங்காத 18 வயதுக்குட்பட்டவர்களில் 30 சதவீதம் பேருக்குக் கேட்டது, கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது 63 சதவீதம். கொலஸ்ட்ராலும் எடையும் ஏறுவது இதன் தொல்லைகள், அதற்கும் தனியாக மருத்துவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இப்போது நோய் புதிதாகத் தெரியவந்த குழந்தைகளுக்கான பெரிய சோதனையில், கிரிசோடினிப்பை எடுத்துவிட்டு லோர்லாடினிப்பையே வைத்துவிட்டார்கள்.