எந்த நொதியை அடைப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

புற்றுநோய் செல்லுக்கு அடங்காத பசி. ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் டிஎன்ஏ, புரதம், கொழுப்பு எல்லாமே இன்னொரு மடங்கு வேண்டும். அவற்றைத் தயாரித்துத் தருபவை நொதிகள். ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதுகூட இந்த செல்கள் குளுக்கோஸைப் பாதியில் உடைத்து லாக்டிக் அமிலமாக வெளியேற்றுவதை 1920களில் ஜெர்மன் விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் கண்டறிந்தார். பெட் ஸ்கேனில் பல கட்டிகள் பளிச்சென்று தெரிவது இந்தக் குளுக்கோஸ் பசியால்தான்.

அப்படியானால் சர்க்கரையை நிறுத்திவிட்டால் கட்டி பட்டினி கிடக்காதா என்று பலரும் கேட்கிறார்கள். கிடக்காது. சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விடும். மெலிவது நோயாளிதான். குளுக்கோஸை உடைக்கும் நொதிகளை மருந்தால் அடைக்கலாமென்றால், மூளையும் சிவப்பணுக்களும் அதே நொதிகளை நம்பித்தான் இருக்கின்றன. ஆகவே ஒரு நொதியைக் குறிவைக்கும் முன் கேட்க வேண்டியது இதுதான்: நல்ல செல்லுக்கும் புற்றுநோய் செல்லுக்கும் இங்கே என்ன வேறுபாடு?

வேறுபாடு குறைவாக இருந்தால் நேரத்தை வைத்துச் சமாளிக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்து அதற்குச் சரியான உதாரணம். ஃபோலேட் என்ற பி வைட்டமினைப் பயன்படுத்த உதவும் ஒரு நொதியை அது அடைப்பதால் டிஎன்ஏ தயாரிப்பு நின்றுபோகிறது. எலும்பு மஜ்ஜையும் வாய், குடல் உட்சவ்வுகளும் சேர்ந்தே அடிவாங்கும். அதனால் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுக்கும்போது, 24 முதல் 36 மணி நேரத்துக்குள் லியூகோவோரின் என்ற முறிவு மருந்தைத் தொடங்கி நல்ல செல்களைக் காப்பாற்றுகிறார்கள். சிறுநீரின் பிஹெச் 7க்குக் குறையாமல் இருக்க சோடியம் பைகார்பனேட்டும், நரம்பு வழியே நிறைய திரவமும் ஏற்றுவார்கள். சிறுநீர் அமிலமானால் மருந்து சிறுநீரகக் குழாய்களில் படிகமாகப் படியும், சிறுநீரகம் மந்தமாகும், வெளியேற வேண்டிய மருந்து ரத்தத்திலேயே தங்கி மேலும் நஞ்சாகும். இப்யூபுரோஃபன் போன்ற வலிமாத்திரைகளும் இதே ஆபத்தைக் கூட்டும். அந்த நாட்களில் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட போடாதீர்கள்.

வேறுபாடு பளிச்சென்று இருக்கும் இடங்களும் உண்டு. சிலருடைய மூளைக் கட்டிகளிலும் ரத்தப் புற்றுநோயிலும் ஐடிஹெச்1 என்ற நொதியின் 132ஆவது அமினோ அமிலம் மாறியிருக்கும். அந்த ஒரு மாற்றத்தால் நொதி தன் வேலையை விட்டு, 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற பொருளைக் குவிக்கத் தொடங்குகிறது. அது இளம் ரத்த செல்களை முதிர்ச்சி அடைய விடாது. ஐவோசிடெனிப் என்ற மருந்து, நாளுக்கு 500 மில்லிகிராம், அந்தக் கோணல் நொதியை அடைக்கிறது. இது செல்களை நேரடியாகக் கொல்வதில்லை, வளர்ந்து முதிர விடுகிறது. பலன் தெரிய மாதக்கணக்காகலாம் என்பதால், தாங்க முடியாத பக்கவிளைவோ நோய் முற்றலோ இல்லாவிட்டால் குறைந்தது 6 மாதம் தொடர்வார்கள். ஒரே நேரத்தில் ஏராளமான செல்கள் முதிர்ந்தால் காய்ச்சல், மூச்சுத்திணறல், திடீர் எடை ஏற்றம் வரும். பார்ப்பதற்கு நிமோனியா போலவே இருக்கும், அதுதான் சிக்கல். சந்தேகம் வந்தவுடனே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 10 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தொடங்க வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

வேறுபாட்டைச் சரியாகப் பிடித்தாலும் செல் வேறு வழி தேடும். ஐடிஹெச்1ஐ அடைத்த சிலரிடம் அதன் உறவு நொதியான ஐடிஹெச்2 பிறழ்ந்து, அதே பொருளை மறுபடி குவிக்கிறது. குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் குளூட்டமினேஸ் நொதியை அடைக்கும் டெலாகிளெனாஸ்டாட் என்ற மருந்தின் மீது பெரும் நம்பிக்கை இருந்தது. சிறுநீரகப் புற்றுநோயில் கபோசான்டினிப் என்ற இன்னொரு மருந்துடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, கபோசான்டினிப் மட்டும் பெற்றவர்களைவிட நோய் கட்டுப்பட்ட காலம் நீளவில்லை. ஐடிஹெச்1 பிறழ்வு இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது ஐவோசிடெனிப். டெலாகிளெனாஸ்டாட்டுக்கு அப்படிப் பிரித்துக் காட்டும் அடையாளம் எதுவும் அந்தச் சோதனையில் இல்லை.